கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஐந்து நாள்

முதல் நாள், திங்கள்: சிதறால், பார்த்திவபுரம்

குழித்துறையில் பெரியம்மை வீட்டில் இறங்கியதும் முதலில் பேசி முடித்தது கிழமைக் கணக்கைத்தான். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்துக்கும் திங்கள் விடுமுறை. மூன்று வருடத்துக்கு முன் இதை விசாரிக்காமல் ஒரு திங்கட்கிழமை தக்கலைக்குப் போய், சாத்திய கதவைப் பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பினோம். அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் இந்தத் தடவை திங்கட்கிழமையை, கூரையும் கண்ணாடியும் இல்லாமல் வெளியிலேயே இருக்கும் பழம்பொருளுக்கு ஒதுக்கிவிட்டோம்.

இதில் எனக்கு வேறொரு நோக்கமும் இருந்தது. அருங்காட்சியகத்தில் இருக்கும் எந்தப் பொருளும் எங்கிருந்தோ எடுத்து வரப்பட்டதுதான். அது இருந்த மலை, அதன் மேல் விழுந்த வெயில், அதைத் தொட்ட கை எல்லாம் பின்னால் தங்கிவிடுகின்றன. இன்னும் இருந்த இடத்திலேயே இருக்கும் ஒன்றை முதலில் பார்த்துவிட்டால், மறுநாள் கண்ணாடிக்கு முன் நிற்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பெரிய அருங்காட்சியகம் எதற்குப் போவதாக இருந்தாலும் முந்தின நாள் பக்கத்தில் ஒரு பழைய மலைக்கோ கோயிலுக்கோ போய் வாருங்கள் என்று யாரிடமும் சொல்வேன்.

காலை ஏழரைக்கே சிதறால் மலை அடிவாரத்தில் இருந்தோம். நான், ஏழாம் வகுப்பு படிக்கும் மகன், எழுபதைத் தொட்ட பெரியம்மை. பாதை நன்றாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மரம். வெயில் ஏறும் முன் ஏறிவிட வேண்டும். பெரியம்மை மூன்று இடத்தில் உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த மட்டிப்பழத்தைப் பிய்த்து எங்களுக்கும் கொடுத்து, நிதானமாக ஏறினார்.

மேலே பாறையில் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் வணங்கும் அருகர்கள், வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். தலைக்கு மேல் பாம்புப் படம் விரிந்து நிற்பவர் பார்சுவநாதர். சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் நிற்பவள் அம்பிகா என்ற சமண யட்சி. இந்த மலையின் பழைய பெயர் திருச்சாரணத்துமலை. ஒன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தை ஆண்ட ஆய் குல அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் இங்கே சமணத் துறவிகள் இருந்தார்கள். அவனுடைய 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி இங்குள்ள தெய்வத்துக்குப் பொன் அணிகலன் கொடுத்ததை வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள ஒரு கல்வெட்டு சொல்கிறது. பிற்காலத்தில் இது பகவதி கோயிலாக மாறியது.

மகன் பாறைக்குப் பக்கத்தில் போய், "இதை ஏம்மா இன்னும் மியூசியத்துக்குக் கொண்டு போகலை?" என்று கேட்டான். மலையையே பெயர்க்க முடியாதே என்றேன். அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பாறையைச் சுற்றி நடந்துவிட்டு, "அப்படின்னா மியூசியத்துல இருக்கிறதெல்லாம் பெயர்க்க முடிஞ்சது மட்டுமா?" என்றான். இந்தக் கேள்வியை அடுத்த நான்கு நாளும் மனதில் வைத்திருந்தேன். ஒரு காலத்தில் இருந்தவற்றில் தூக்க முடிந்தது, உடையாதது, உருக்கப்படாதது, மக்காதது மட்டும்தான் கண்ணாடிக்குள் வந்து சேர்கிறது. ஓலை, துணி, மரச்சாமான் பெரும்பாலும் போய்விட்டன. கல்லும் உலோகமும் மிஞ்சின. ஒரு கூடத்தில் சிலை மட்டுமே நிறைய இருந்தால், அந்தக் காலத்தில் சிலை மட்டுமே இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

சாயங்காலம் நடை திறந்த பிறகு பார்த்திவபுரம் போனோம். முஞ்சிறைக்குப் பக்கத்தில் அமைதியான ஊர், ஓடு வேய்ந்த கேரள பாணிக் கோயில். ஆய் அரசன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றிக்கொண்டு இந்தக் கோயிலை எடுத்து, 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், தங்கிப் படிக்க ஒரு சாலையும், அதாவது கல்விக்கூடமும், வைத்தான். அந்தக் காலத்தில் பெயர்பெற்ற கல்விக்கூடமான காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டது. மாணவர்கள் எப்படி நடக்க வேண்டும், தவறினால் என்ன தண்டனை என்பது வரை செப்பேட்டில் எழுதி வைத்தான். தேதியையும் வித்தியாசமாகக் குறித்திருக்கிறான்: கலியுகம் தொடங்கி 14,49,087ஆவது நாள். மகன் போனில் கணக்குப் போட்டான். ஆண்டுக்கு 365¼ நாள் என்று வகுத்தால் 3,967 ஆண்டும் சில மாதமும் வருகிறது. கலி தொடங்கியது கிமு 3102. கழித்து, நடுவில் 0 ஆண்டு இல்லாததால் ஒன்று கூட்டினால் கிபி 866. "ஒரு நாள் கூட விடாம எண்ணியிருக்காங்கம்மா" என்று அவன் சொன்னபோது கோயிலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

படித்தபோது எனக்கு அது வெறும் செப்பேடாக இருந்தது. அந்த முற்றத்தில் நின்றபோது 95 பிள்ளைகளின் சாப்பாட்டுச் சத்தமும் கூடவே வந்தது.

இரண்டாம் நாள், செவ்வாய்: பத்மநாபபுரம்

ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே வாசலில் இருந்தோம். இதை மட்டும் தவற விடாதீர்கள். பதினோரு மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் குறுகலான மரப்படிகளில் நின்று பார்க்க இடம் கிடைக்காது. பின்னால் வருபவர்கள் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். மதியம் சாப்பாட்டு இடைவேளைக்கு மூடுவதால் அதையும் கணக்கில் வைக்க வேண்டும். செருப்பை வாசலில் விட வேண்டும் என்பதால் கயிறு கட்டும் ஷூ வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போனால் முதலிலேயே ஊழியர்களிடம் சொல்லிவிடுங்கள். பெரியம்மைக்கு எந்தப் படி செங்குத்து, எதைத் தவிர்த்துக் கீழேயே சுற்றிவரலாம் என்று அவர்களே காட்டினார்கள். அறைக்கு அறை நிற்பவர்களிடம் கேட்டால் தமிழிலும் விளக்குகிறார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த அரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் தக்கலை பக்கத்தில் இருக்கிறது. பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தபோதும் அரண்மனை மட்டும் அந்தப் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டத் தொடங்கியதை, 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா பெரிதாக்கினார். 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்த பிறகு ஊர்ப் பெயரும் பத்மநாபபுரம் ஆனது. 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது.

பூமுகத்தில், அதாவது முன்வாசல் கூடத்தில், நுழைந்ததும் எல்லோரும் குதிரை விளக்கைத்தான் பார்க்கிறார்கள். நான் மகனைத் தரையில் மல்லாக்கப் படுக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். முறையாக இருக்காது என்று விட்டுவிட்டேன். மேற்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு. கழுத்து வலிக்க வலிக்க எண்ணினான். நாற்பதுக்கு மேல் குழம்பி மறுபடி தொடங்கினான். அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று கூட்டம் எங்களைக் கடந்து போனது. எனக்கு அவசரம் தோன்றவில்லை. நூறு பொருளைப் பார்த்தேன் என்று சொல்வதை விட ஒரு கூரையை முழுசாகப் பார்த்தேன் என்று அவன் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

மந்திரசாலையில் வண்ண அப்பிரகத் தகடு பதித்த ஜன்னல் வழியே வெயில் இறங்கித் தரையில் விழுகிறது. கறுப்புக் கண்ணாடி போல மின்னும் அந்தத் தரை, சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்கிறார்கள். வெறுங்காலில் நிற்கும்போதுதான் அதன் குளிர்ச்சி தெரிகிறது. செருப்பைக் கழற்றச் சொல்வது நமக்கும் நல்லதுதான்.

தாய்க் கொட்டாரம் (கொட்டாரம் என்றால் அரண்மனை), உப்பிரிக்கை மாளிகை, மருத்துவக் குணமுள்ள பல மரங்களால் செய்த ராஜாவின் கட்டில், நவராத்திரி மண்டபத்துக் கல்தூண்கள் எல்லாம் பார்த்தோம். ஊட்டுப்புரையில் இரண்டு மாடியிலுமாக 2,000 பேருக்கு ஒரே நேரத்தில் சாப்பாடு போடுவார்களாம். ஆனால் இன்றைய நாள் எனக்குத் திறந்தது தெற்குக் கொட்டாரத்தில்தான். பழைய வீட்டு உபயோகச் சாமான்களை அங்கே வைத்திருக்கிறார்கள். நடந்து அலுத்துப் போனவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்துவிடும் இடம் அது.

பெரியம்மை அங்கே நின்றுவிட்டார். அதுவரை எல்லாவற்றையும் தலையாட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவர், இங்கே பேசத் தொடங்கினார்.

"இது கிண்டி. வாசல்ல இருக்கும். வெளிய போயிட்டு வந்தா இதுல தண்ணி எடுத்துக் காலக் கழுவிட்டுதான் உள்ள வரணும். இது கோளாம்பி. தாத்தா வெத்தலை போட்டுத் துப்புவாரு, காலைல அதைக் கழுவுகது எனக்க வேலை." அப்புறம் அளவைகளுக்கு முன்னால் வந்து குனிந்தார். "எனக்க அம்மைக்க கையில இருந்த நாழி இதே மாதிரிதான் மக்களே. நாலு நாழி ஒரு இடங்கழி. பத்து இடங்கழி ஒரு பறை. கூலியாளுக்கு நெல்லு அளந்து போடும்போ அம்மை ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண மாட்டா. முதல் நாழிய லாபம்னு சொல்லிதான் போடுவா."

மகன் நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினான். பக்கத்தில் நின்ற இரண்டு கல்லூரிப் பெண்களும் நகராமல் கேட்டார்கள். ஒருத்தி, "பாட்டி, அந்த வளைஞ்ச பிடி எதுக்கு?" என்று கேட்டாள். பெரியம்மை கையால் சாய்த்து ஊற்றிக் காட்டினார். கண்ணாடிக்கு வெளியே வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு அவர் கை சாய்ந்ததைப் பார்த்தபோது, அந்தப் பாத்திரத்தின் எடையே எனக்குத் தெரிந்துவிட்டது.

பல அருங்காட்சியகங்களில் குறிப்பு அட்டையில் ஓரிரு வரிக்கு மேல் இருப்பதில்லை. பொருளின் பெயர், உலோகம், நூற்றாண்டு. மீதியைத் தெரிந்தவர்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள். பழம்பொருள் பார்க்கப் போகும்போது பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம், அவர்களால் நடக்க முடியாது என்று. எனக்குத் தெரிந்து நாம் செய்யும் பெரிய இழப்பு அதுதான். மெதுவாக நடக்கலாம், பாதியைப் பார்க்காமல் விடலாம், நடுவில் அரைமணி நேரம் உட்காரலாம். அவர்களை அழைத்துப் போங்கள்.

வளாகத்திலேயே இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தில் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன. இதற்கு நான் ஒரு சின்னத் தயாரிப்பு செய்திருந்தேன். போன வாரம் மகனும் நானும் வட்டெழுத்தில் பத்து எழுத்தைப் பழகினோம். முழுசாகப் படிக்க அல்ல, கண்டுபிடிக்க மட்டும். கல்வெட்டின் தலைப்பில் பல நேரம் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று கிரந்தத்தில் இருக்கும். முதலில் அதைத் தேடச் சொன்னேன். 'ஸ்ரீ' கிடைத்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். வட்டெழுத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள் என்பதால் மெய்யையும் உயிர்மெய்யையும் நாமே ஊகிக்க வேண்டும். க, த, ப, ம தெரிந்தால் போதும், ஒரு சொல்லாவது அகப்படும். ஒரு சொல் அகப்பட்ட கல்லை யாரும் மறக்க மாட்டார்கள்.

இன்னொன்று, கொல்லம் ஆண்டு. இந்தப் பக்கத்துக் கல்வெட்டு, ஓலை, பழைய பத்திரம் எல்லாவற்றிலும் வரும். கொல்லம் ஆண்டு தொடங்கியது கிபி 825இல். கொல்லம் ஆண்டோடு பொதுவாக 825 கூட்டினால் போதும். ஆவணியிலிருந்து மார்கழி நடு வரைக்கும் மட்டும் 824. பெரியம்மை உடனே, "நான் பிறந்தது 1130 மீனம்" என்றார். மீனம் என்றால் பங்குனி. 825 கூட்டினால் 1955. அப்போது இது திருவிதாங்கூர்-கொச்சி. அடுத்த வருடம் தமிழ்நாடு. பிறந்த வீட்டை விட்டு நகராமலே மாநிலம் மாறியவர். கூட்டிச் சொன்னதும் மகன், கல்வெட்டைப் பார்ப்பது போலவே அவரைப் பார்த்தான்.

மூன்றாம் நாள், புதன்: உதயகிரி, திருவனந்தபுரம்

இன்று அதிகம் எழுத ஒன்றுமில்லை. காலையில் தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டையில் டிலனாய் கல்லறையை மட்டும் பார்த்தோம். 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றபோது பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியாகி, 1777இல் இறந்தவர். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் கல்லறையில் நம் எழுத்து இருப்பதைப் பார்க்க மகன் திரும்பத் திரும்பப் போனான்.

பிறகு களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் பஸ். பஸ்ஸில் பெரியம்மை சொன்னது: நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் இதே சாலையில்தான் திருவனந்தபுரம் போவார்கள். முதல் ராத்திரி குழித்துறை, இரண்டாம் ராத்திரி நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். புறப்படும் முன் உப்பிரிக்கை மாளிகையிலிருந்து ராஜாவின் உடைவாளை எடுத்துக் கொடுப்பார்கள். சின்ன வயதில் குழித்துறையில் விடிய விடிய விழித்திருந்து பார்ப்பாராம்.

நேற்று நாங்கள் பார்த்த மாளிகையில் இருந்து ஒரு வாள் இன்னும் வருடத்துக்கு ஒரு முறை வேலைக்குப் போகிறது. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சாயங்காலம் எங்கும் போகவில்லை. சாலைக் கடைத்தெருவில் நடந்தோம். எத்தனையோ கடைகளில் தமிழ் கேட்டது. ராத்திரி கப்பயும் மீனும். கப்ப என்று அவர்கள் சொல்வதும் குழித்துறையில் மரச்சீனி என்று சொல்வதும் ஒரே கிழங்குதான். முந்தின நாள் நன்றாகத் தூங்காமல் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போகாதீர்கள். அலுத்த கண்ணுக்கு எல்லாச் சிலையும் ஒன்று போலத்தான் தெரியும்.

நான்காம் நாள், வியாழன்: நேப்பியர் அருங்காட்சியகம்

பெரியம்மை இதை மியூசியம் என்று சொல்வதில்லை. 'காழ்ச்ச பங்களா' என்கிறார். மலையாளத்தில் பழைய ஆட்கள் சொல்வது அது. காட்சிக்கு வைத்த பங்களா.

1855இல் தொடங்கி 1857இல் மக்களுக்குத் திறந்த அருங்காட்சியகம் இது. இப்போதைய கட்டடம் 1874இல் தொடங்கி 1880இல் முடிந்தது. வரைந்தவர் ராபர்ட் சிஸ்ஹோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டியவரும் அவர்தான். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரை வைத்தார்கள். உள்ளே போகும் முன் கட்டடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். கேரளக் கோயில் கூரையின் முகப்பும், வண்ண வண்ணச் செங்கல் கோலமும், காற்று போக வர விட்டிருக்கும் உயரமான வழிகளும் வெளியிலிருந்துதான் புரியும். உள்ளே நின்றால் மின்விசிறியைத் தேடத் தோன்றாது.

இந்த வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலையும் இருக்கிறது. குழந்தைகளோடு வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: முதலில் சிலை, அப்புறம் சிங்கம். வரிசையை மாற்றினால், வெயிலில் இரண்டு மணி நேரம் சுற்றிய பிள்ளை உள்ளே வந்து சுவரில் சாய்ந்துவிடும். ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடமும் பக்கத்தில்தான். அதை இன்னொரு நாளைக்கு விட்டுவிட்டோம். ஒரே நாளில் மூன்றையும் முடிக்கப் பார்ப்பது மூன்றுக்கும் செய்யும் அநியாயம்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். முதலில் இருபது நிமிடம் எங்கும் நிற்காமல் முழுக் கூடத்தையும் ஒரு சுற்று சுற்றுவது. அப்புறம் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஆளுக்கு ஒரு பொருள் தேர்ந்தெடுப்பது. மறுபடி உள்ளே போய் அந்த மூன்று பொருளை மட்டும் பார்ப்பது. இதில் மகன் மரத்தேரைத் தேர்ந்தெடுத்தான். நான் ஒரு வெண்கல விஷ்ணுவை. பெரியம்மை யோசித்துவிட்டு, "நானும் அதே சாமிதான்" என்றார்.

தேருக்கு முன்னால் மகன் உட்கார்ந்து வரைந்தான். போட்டோ எடுப்பதற்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதி, வாசலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் பென்சிலுக்கு யாரும் தடை சொன்னதில்லை. மகன் நன்றாக வரைபவன் இல்லை. இருந்தாலும் வரைவதற்காகப் பார்க்கும்போது, சும்மா பார்த்தால் தெரியாதது தெரிகிறது. ஒரு மூலையில் இருந்த உருவத்துக்கு மூக்கு தேய்ந்திருப்பதை அவன்தான் கண்டுபிடித்தான்.

விஷ்ணுவைப் பற்றி எழுத வேண்டும். பழைய உலோகச் சிலையைப் பார்க்கும்போது நான் முகத்தை விட்டுவிட்டு முதலில் கைகளைப் பார்ப்பேன். சக்கரத்தை விளிம்பு நம்மைப் பார்க்கும்படி, எறியப்போவது போலப் பிடித்திருந்தால் அதைப் பிரயோகச் சக்கரம் என்பார்கள். பல்லவர் காலம் போன்ற முற்காலப் பாணி. சக்கரம் தட்டை முகம் காட்டி, சுற்றிலும் தீச்சுடர் வைத்து, இரண்டு விரல் நுனியில் நின்றால் பிற்காலம். அடுத்து பீடம். பீடத்தில் துளையோ வளையமோ இருந்தால் அது உற்சவத்துக்கு வெளியே போன சாமி. பல்லக்கில் கட்ட வைத்த வழி அது. கடைசியாகத்தான் முகம்.

இவை ஒவ்வொன்றும் மெழுகில் முதலில் செய்யப்பட்டவை. மெழுகு உருவத்தின் மேல் களிமண் பூசி, காயவைத்து, சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து எடுப்பார்கள். "உடைச்சிட்டா அடுத்தது எப்படிச் செய்வாங்க?" என்றான் மகன். அடுத்ததற்கு மறுபடி மெழுகு, மறுபடி மண். அதனால் ஒரு சிலை போல இன்னொன்று இல்லை.

நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியம்மை பேசவில்லை. அந்தச் சிலையின் முகம் மழுங்கியிருந்தது. மூக்கும் உதடும் கல்லில் வைத்துத் தேய்த்தது போல மென்மையாகிவிட்டிருந்தன. சிதைந்துவிட்டது என்று நான் நினைத்தேன். பெரியம்மை மெதுவாகச் சொன்னார்:

"இதுக்கு எத்தன வருஷம் எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிருக்காவ பாரு மக்களே. கை பட்டுப் பட்டுத் தேஞ்சது."

அபிஷேகம், சந்தனக்காப்பு, ஒவ்வொரு நாளும் துடைக்கும் துணி. பல தலைமுறை. முகம் கூர்மையாக இருக்கும் சிலை அழகு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தேய்ந்த சிலை அதிகம் தொடப்பட்ட சிலை என்று யோசித்ததே இல்லை. அப்புறம் ஒவ்வொரு சிலையின் முன்னாலும் கன்னத்தையும் மூக்கையும் பார்த்தேன். எது ரொம்பக் காலம் பூஜையில் இருந்திருக்கும், எது மண்ணுக்குள் சீக்கிரம் போயிருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிந்தது.

பெரியம்மை செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்றார். காவலுக்கு நின்ற அம்மா பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பு அட்டையில் இருந்த மலையாளத்தைப் பெரியம்மை வாய்விட்டு வாசித்தார். கேட்டால் பாதிக்கு மேல் தமிழ்தான், நூற்றாண்டு என்ற சொல் உட்பட. எழுத்துத் தெரியாதவர்கள் கூட யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று பொருளுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. மிருகக்காட்சிசாலையில் நீர்யானையைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினோம்.

ஐந்தாம் நாள், வெள்ளி: கோட்டை, திரும்பக் குழித்துறை

காலையில் கிழக்குக் கோட்டைக்குள் குதிரை மாளிகை. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் கட்டியது. கூரைக்குக் கீழே மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள். மகன் எண்ணத் தொடங்குவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஒரே ஒரு குதிரையை எடுத்துக்கொண்டு வரைந்தான். பக்கத்தில்தான் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி ஒன்பது நாள் வந்து இருக்கும் நவராத்திரி மண்டபம். பெரியம்மை வெளியிலிருந்தே கும்பிட்டார். "இவ்வளவு தூரம் வந்து இங்கதான் இருப்பாளா" என்று மட்டும் கேட்டார். எழுபது வருடமாகக் குழித்துறையில் வழியனுப்பியவர், போய்ச் சேரும் இடத்தை இன்றுதான் பார்க்கிறார்.

மதியம் பஸ் பிடித்து மூன்றரைக்கு வீடு. காபி குடித்த கையோடு பெரியம்மை நாற்காலியில் ஏறப் போக, நான் தடுத்து மகனை ஏற்றிவிட்டேன். பரணில் பழைய நார்ப்பெட்டிக்குள் துணி சுற்றி நாழி இருந்தது. மகன் அதைத் திண்ணையில் வைத்து, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, குறிப்பு அட்டை எழுதினான். பெயர்: நாழி. உலோகம்: வெண்கலம். இடம்: குழித்துறை. உபயோகித்தவர்: பெரியம்மையின் அம்மா. காலம்: கொல்லம் 1100க்கு முன்.

பெரியம்மை தாளை வாங்கி வாசித்தார். விரல் மூட்டால் நாழியைத் தட்டிக் காட்டினார். "வெண்கலம்னா மணி மாதிரிக் கேக்கும். இது பித்தளை." அவன் அடித்துத் திருத்தினான்.

"வாய் பக்கத்துல இந்த நெளிவு இருக்குல்லா, அத எழுதலையே."

"அது எப்படி ஆச்சு?"

"உனக்க அம்மைக்க அம்மை கிணத்தடில போட்டா. அஞ்சு வயசு அவளுக்கு. அளவு குறைஞ்சிருமோன்னு அம்மை அன்னைக்கு முழுக்கப் புலம்பினா. அடுத்த வீட்டு நாழிய வாங்கி அரிசிய அளந்து பாத்தோம், ஒரு பிடி கூடக் குறையல."

மகன் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அதை எழுதத் தொடங்கினான். இடம் போதாமல் இன்னொரு தாள் கிழித்தான்.